பென்சிலில் எழுதிய சிமென்ட்!

நான் பி.காம். படித்தவன். ஆகவே, இந்த வாரம் கான்கிரீட் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். கான்கிரீட் பற்றி ஓர் இன்ஜினீயர் எழுதினால் உங்களுக்குப் புரியாது. நான் எழுதினால் எனக்கே பாதிதான் புரியும். ஆக, நீங்களும் நானும் ஒரே கட்சி. தைரியமாகப் படிக்கலாம்.

டிகிரி முடித்த புதிதில், 'அக்கவுன்டன்ட் வேலை' என்று சொல்லித்தான் என் மாமா ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சேர்த்துவிட்டார். அக்கவுன்டன்ட் என்றதும் ஏ.சி. ரூம், சுழல் நாற்காலி, எதிர் சீட்டில் ஒரு ரிசப்ஷனிஸ்ட் என்று என் மனசு பாட்டுக்கு ஓர் ஆபீஸ் கட்டி, கிரகப்பிரவேசமே நடத்திவிட்டது. போய்ப் பார்த்தால் சென்னைக்கு வெளியே ஒரு பொட்டல். பொட்டலில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் மூன்று கால் மேஜை. நாலாவது காலுக்குப் பதில் அடுக்கி வைத்த செங்கல். "அந்தச் செங்கலையும் ஸ்டாக்குல காட்டணும், மறந்துடாதீங்க" என்றார் முன்னாடி இருந்தவர். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போன வேகத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிமென்ட் மூட்டை எண்ணுவது, கம்பி லோடை எடை பார்ப்பது, வாரக் கூலி கொடுப்பது, வீடு புக் பண்ணியவர்களிடம் அட்வான்ஸ் வாங்கி ரசீது போடுவது, டீக்கடை பாக்கியைத் தீர்ப்பது... எல்லாம் நான்தான். தும்மினால்கூட சிமென்ட்தான் வரும்.

எனக்கு ஜோடியாக ஒரு ஜூனியர் இன்ஜினீயர். என் வயசுதான். இன்ஜினீயரிங் முடித்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. ஹெல்மெட் போட்டால் கண் வரைக்கும் இறங்கிவிடும். பாதி சைட்டை அவன் பார்த்ததே இல்லை. மேஸ்திரிக்கு ஐம்பது வயது, முப்பது வருஷ அனுபவம். அந்த மனிதர் வாய் நிறைய இவனை 'சார்' என்பார். இவன் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பான். யார் யாருக்கு மேலதிகாரி என்பது எனக்குக் கடைசிவரை புரிந்ததில்லை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே 'பெரியவர்'. பிராஜக்ட் மேனேஜர். அறுபதை நெருங்கியவர். டிப்ளமா படித்து, சைட் சூப்பர்வைசராக ஆரம்பித்து மேலே வந்தவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரசமட்டம். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் அதை மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். என் செங்கல் மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேஜை சாயுது. கணக்காவது நேரா இருக்கா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு 'கணக்கு' என்று பெயர். பெரியவருக்குப் பொடிப் பழக்கம் உண்டு. கோபம் உண்டு. டீ பில்லை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். "ஏம்ப்பா கணக்கு, ஏழு பேருக்கு பதினோரு டீயா?"

அவருக்கு மூன்று சைட். எங்கள் சைட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். கதையின் வில்லன் இந்த 'இரண்டு நாள்'தான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

* * *

அன்றைக்கு ஒரு பெரிய ஹீரோவின் படம் ரிலீஸ். சாயங்காலக் காட்சிக்கு எனக்கும் ஜூனியருக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது. அன்றைக்கேதான் முதல் மாடியில் ஆறு பில்லருக்கு கான்கிரீட்.

கான்கிரீட் போடும் முன், கம்பி சரியா, பலகை சரியா என்று பார்த்து இன்ஜினீயர் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கவும் வேண்டும். ஜூனியர் முதல் பாதியைச் செய்தான். இரண்டாம் பாதிக்கும் சேர்த்தே கையெழுத்தைப் போட்டான். நான் ஸ்டோர் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தேன். கிளம்பிவிட்டோம்.

காலையில் வந்து எண்ணினால், போயிருந்தது 15 மூட்டை. அந்த ஆறு பில்லருக்கு 20 மூட்டை போயிருக்க வேண்டும். விஷயம் இதுதான்: ஸ்டோரில் இருந்ததே 15. லோடு வரவில்லை. மேஸ்திரி 15-ஐ வைத்து 20-ஐ ஒப்பேற்றியிருக்கிறார். கலவை கெட்டியாக வரவே தண்ணீரைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். ரசத்தில் தண்ணீர் கூடினால் விருந்தாளிக்குத் தெரிந்துவிடும். கான்கிரீட்டில் கூடினால் உடனே யாருக்கும் தெரியாது. சிமென்ட் குடித்தது போக மிச்சத் தண்ணீர் மெதுவாக வெளியேறி, உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை வைத்துவிட்டுப் போகும். வெளியே பூசி, பெயின்ட் அடித்தால் ராஜா மாதிரி இருக்கும்.

அன்றே ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். 15 என்று எழுதினால், "அஞ்சு மூட்டை எங்கே?" என்று கேள்வி வரும், கேள்வி வந்தால், "நீங்க ரெண்டு பேரும் எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். 20 என்று எழுதினேன். மனசாட்சி லேசாக உறுத்தியது. அதனால் பென்சிலில் எழுதினேன்!

ஏழாம் நாள் வந்தது கியூப் ரிசல்ட். கான்கிரீட் போடும்போதே அதில் கொஞ்சம் எடுத்து ஆறு அங்குலக் கட்டிகளாகப் பிடித்து வைத்து, பிறகு லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். எங்கள் ரகத்துக்கு 28-ம் நாள் 20 வர வேண்டும். ஏழாம் நாளிலேயே 13-ஐத் தாண்டியிருக்க வேண்டும். வந்தது 8. (ஏதோ நியூட்டன் கணக்கு. எனக்குத் தெரிந்த நியூட்டன் ஆப்பிள் விழுந்த ஆசாமி மட்டும்தான்.)

ஜூனியர் கொட்டகைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சி... வேற நல்ல கலவையில கட்டி போட்டுக் கொடுத்துட்டா போதும்னு ஒருத்தர் ஐடியா சொல்றாரு. யாருக்கும் தெரியாதாம்டா."

"என் ரிஜிஸ்டர் 20-னுதான் சொல்லுது" என்றேன் நான், ஏதோ தியாகி மாதிரி.

இந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டு, ஒரு நடை கனடாவுக்குப் போய் வருவோம்.

* * *

கனடாவில் க்யூபெக் என்று ஓர் ஊர். அங்கே செயின்ட் லாரன்ஸ் நதிக்கு குறுக்கே ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். நடுவில் 1,800 அடிக்குத் தூணே கிடையாது. முடிந்திருந்தால் அந்த வகையில் உலகத்திலேயே நீளமானது. ஆலோசனை இன்ஜினீயர் தியோடர் கூப்பர். அமெரிக்காவில் பாலம் என்றால் அவர்தான் என்று பெயர் எடுத்தவர். ஆனால் வயசாகிவிட்டது, உடம்பு சரியில்லை. நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே கடிதத்திலும் தந்தியிலும் மேற்பார்வை. இரும்பு வேலை மேலே எழும்ப ஆரம்பித்த பிறகு ஒருமுறைகூட சைட்டுக்குப் போகவில்லை. 'வரைபடங்களை இன்னொரு இன்ஜினீயரிடம் காட்டிச் சரிபார்க்கலாமே' என்ற பேச்சு வந்தபோதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

சைட்டில் அவருடைய கண்ணும் காதுமாக இருந்தவர் நார்மன் மெக்லூர் என்ற இளைஞர். 1907 ஆகஸ்டில் பாலத்தின் அடிப்பக்க இரும்பு உறுப்புகள் சில வளைந்திருப்பதை அவர் அளந்து பார்த்தார். ஓர் உறுப்பில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு, இரண்டே வாரத்தில் இரண்டேகால் அங்குலம் ஆகியிருந்தது. பயந்துவிட்டார். ஆனால், 'வேலையை நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருப்பதாக யாருமே நினைக்கவில்லை, அவர் உள்பட. மற்றவர்களோ, "அது பட்டறையிலிருந்து வரும்போதே வளைஞ்சுதான் வந்தது" என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ரயிலேறி நியூயார்க் போனார் மெக்லூர்.

ஆகஸ்ட் 29. கூப்பர் கேட்டார், உடனே புரிந்துகொண்டார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். எங்கே? பாலத்துக்கு அல்ல. இரும்பு சப்ளை செய்த கம்பெனியின் ஆபீஸுக்கு, அதுவும் பென்சில்வேனியாவுக்கு! அங்கே தந்தியைப் படித்தவர்கள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அன்று மாலை ஐந்தரை மணி தாண்டியிருந்தது, ஷிப்ட் முடிகிற நேரம். பாலம் மொத்தமாக ஆற்றில் இறங்கியது. மேலே வேலையில் இருந்த 86 பேரில் 75 பேர் செத்துப்போனார்கள்.

விசாரணை கமிஷன் வைத்தார்கள். பாலத்தின் சொந்த எடையையே குறைத்துக் கணக்கிட்டிருந்தது, தெரிந்த பிறகும் பரவாயில்லை என்று விட்டது எல்லாம் வெளியே வந்தது. கூப்பரின் பெயரும் கெட்டது. (1916-ல் அதே பாலத்தின் நடுப்பகுதி இன்னொரு முறை விழுந்து 13 பேர் இறந்தார்கள். 1917-ல்தான் கட்டி முடித்தார்கள்.) கனடாவில் இன்றும் புது இன்ஜினீயர்கள் ஓர் உறுதிமொழி எடுத்து, சுண்டுவிரலில் ஒரு சாதாரண மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். 1925-ல் ஆரம்பித்த பழக்கம். விழுந்த பாலத்து இரும்பில் செய்த மோதிரம் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான். ஆனால், வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் காகிதத்தில் உரசுகிற விரலில் அதைப் போட்டுக்கொள்கிறார்களே, அது கதை இல்லை.

இப்போது தந்தி கிடையாது. வாட்ஸ்அப் இருக்கிறது. சைட் போட்டோ போட்டால் மேலிடத்திலிருந்து கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கூப்பர் ஞாபகம் வரும்.

* * *

சரி, நம்ம தகரக் கொட்டகை.

மறுநாள் காலை ஆறரை மணி. அவர் வருகிற நாளே இல்லை. பெரியவர் என் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியாது. கையில் என் சிமென்ட் ரிஜிஸ்டர். ஒவ்வொரு வரியாக விரலை இழுத்துக்கொண்டே வந்தார். நீலம், நீலம், நீலம்... விரல் நின்றது.

"பேனாவுல மை இல்லையா, கணக்கு?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் ஜூனியரும் வந்துவிட்டான். அவனைப் பார்த்து, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:

"படம் எப்படிப்பா?"

"சு... சுமார்தான் சார்."

கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்கள் இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். ஜூனியர் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, போன மாதம் போட்ட பில்லரைத் தட்டச் சொன்னார். 'ணங்' என்றது. புது பில்லரைத் தட்டச் சொன்னார். 'பொத்' என்றது. மூலையில் ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது. பி.காம். காதுக்கே வித்தியாசம் தெரிந்தது.

"கணக்கு, உன் அட்வான்ஸ் லெட்ஜரை எடுத்துட்டு வா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"இந்த பில்லருக்கு மேல ரெண்டாவது மாடியில யாரு வர்றாங்க? படி."

படித்தேன். ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும். பி.எஃப். பணம் மொத்தத்தையும் கொண்டுவந்து கட்டியவர்கள். ரசீது போட்டுக் கொடுத்தவன் நான். அந்தம்மா ரசீதை மடித்து, சாமி படத்துக்குக் கீழே வைக்கணும் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

"மூணாவது மாடி?"

புதுசாகக் கல்யாணம் ஆன பையன். பால்கனியில் ஊஞ்சல் கொக்கி வேண்டும் என்று மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போனவன்.

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அதுவரைக்கும் அந்த லெட்ஜரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவும் பாக்கியும்தான். அதில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் ராத்திரி இந்த பில்லரை நம்பித் தூங்கப் போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"மேல ஸ்லாப் போட்டுட்டா இதைத் தொட முடியாது. இன்னிக்கே இடிங்க" என்றார் பெரியவர். ஆறும் இடிக்கப்பட்டன.

அடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். "மூட்டை தீர்ந்துபோச்சுன்னா ஏன் நிறுத்தலை?"

மேஸ்திரி தலைகுனிந்தபடி சொன்னார்: "நிறுத்தினா கூலி யாரு சார் குடுப்பா? பதினாறு ஆளு நிக்குது. எல்லாத்துக்கும் வயிறு இருக்கே."

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை பொடி போட்டார். வெகுநேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் முதலாளி வந்தார். கொட்டகைக்கு வெளியே அவர் கத்திய கத்தலில் தகரம் அதிர்ந்தது. உள்ளே நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் நின்றிருந்தோம். எங்கள் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. பெரியவர் குரல் மட்டும் கேட்டது: "என் சைட்டு சார். அன்னிக்கு நான் இங்க இல்லை. தப்பு என்னோடது." கொஞ்சம் கழித்து, "இன்னொண்ணு சார்... சாமான் இல்லாம வேலை நின்னா, ஆளுங்களுக்கு அரை நாள் கூலி குடுத்துடணும். இல்லேன்னா எவனும் நிறுத்த மாட்டான்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆறு பில்லர் இடித்த செலவைவிட அது மலிவு என்று அவருக்கும் கணக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு உள்ளே வந்தார் பெரியவர். என் கையில் ரப்பரைக் கொடுத்தார். "அழிச்சுட்டு 15-னு எழுது. பேனாவுல." அவ்வளவுதான். அந்த ரப்பர் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

* * *

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடியை அழித்த அதே புயல், பாம்பன் ரயில் பாலத்தையும் சின்னாபின்னமாக்கியது. 1914-ல் திறந்த பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 145 கர்டர்களில் 126 காணோம். கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பித்தது. ஆறு மாசத்தில் சரிசெய்ய வேண்டும் என்று ரயில்வே சொன்னது. தெற்கு ரயில்வே மேலிடம், "மூணே மாசம்" என்றது. பொறுப்பை 32 வயசு இன்ஜினீயர் ஒருவர் தலையில் வைத்தார்கள். பெயர் இ. ஸ்ரீதரன்.

புது கர்டர் செய்ய நேரமில்லை. எங்கெங்கிருந்தோ வரவழைக்கலாம் என்றால் அதற்கும் நாளாகும். அப்போதுதான் மீனவர் ஒருவர் வந்து, தொலைந்த கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கின்றன என்று சொன்னதாக ஸ்ரீதரன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம்ம ஆபீஸாக இருந்தால், "நீ யாருப்பா? உன் டெசிக்னேஷன் என்ன?" என்று கேட்டிருப்போம். ஸ்ரீதரன் காது கொடுத்தார். கர்டர்களைத் தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். முதல் சில கர்டர்கள் ஆமை வேகம். கை பழகப் பழக வேகம் பிடித்தது. 46 நாளில் பாலம் ரெடி! பரிசு, ரயில்வே மந்திரியிடமிருந்து 1,000 ரூபாய். (அந்தப் பாலம் 2022 டிசம்பர் வரை ரயில்களைச் சுமந்தது. பக்கத்தில் எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.)

இந்த 46 நாள் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 45 வருஷம் கழித்து நடந்தது.

2009 ஜூலை 12. கொங்கண் ரயில்வே முடித்து, டெல்லி மெட்ரோவின் தலைவராகப் புகழின் உச்சியில் இருந்தார் ஸ்ரீதரன். 'இலக்குக்கு இன்னும் இத்தனை நாள்' என்று தலைகீழாக எண்ணும் கடிகாரத்தை சைட்டுக்கு சைட் மாட்டிவைத்த மனுஷன். அன்று தெற்கு டெல்லியில், ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மேம்பாலப் பகுதி ஒன்று சரிந்து 6 பேர் இறந்தார்கள். வடிவமைத்தவர், கான்ட்ராக்டர், தூண், இரும்பு என்று கை காட்ட எத்தனையோ பேர் இருந்தார்கள். ஸ்ரீதரன் அன்றைக்கே, தார்மிகப் பொறுப்பு தன்னுடையது என்று சொல்லி ராஜினாமா கொடுத்துவிட்டார். அரசு ஏற்கவில்லை, தொடர்ந்து இருந்து வேலையை முடித்தார்.

பாராட்டு வரும்போது 'டீம்', அடி விழும்போது 'நான்' என்று சொல்கிற ஆசாமிகள் கொஞ்சம். நம் ஆபீஸ்களில் பெரும்பாலும் இது உல்டாவாகத்தானே நடக்கிறது? உங்கள் மேனேஜர் முகம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

* * *

ஆனால், கீழே இருக்கிறவனைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை எங்கள் பெரியவர் பத்து நாள் கழித்துச் செய்தார்.

அதே ஆறு பில்லர். மறுபடி கான்கிரீட். பெரியவர் வந்திருந்தார். ஆனால் பொறுப்பு முழுக்க ஜூனியருக்கு என்று காலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேப்பமரத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் கலவை வந்தது. ஜூனியர் அதை ஒரு கூம்பு டப்பாவில் நிரப்பி, டப்பாவைத் தூக்கினான். நல்ல கலவை என்றால் கொஞ்சம் அமுங்கி அப்படியே உட்காரும். இது, வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி சரிந்து ஓடியது. தண்ணீர் கூடுதல்.

ஜூனியர் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி மிக்ஸரைப் பார்த்தார். பதினாறு ஆள் சட்டியோடு காத்திருந்தார்கள். ஜூனியர் பெரியவரைப் பார்த்தான். பெரியவரோ, மரத்தில் ஒரு காக்காய் கூடு கட்டுவதை அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க..." என்றான் ஜூனியர். மிக்ஸர் சத்தத்தில் அவனுக்கே கேட்டிருக்காது.

காக்காய் ஒரு குச்சி கொண்டுவந்தது. பெரியவர் அதையும் பார்த்தார்.

"நிறுத்துங்கன்னு சொன்னேன்!"

மிக்ஸர் நின்றது. அந்த அமைதியில் ஜூனியரின் ஹெல்மெட் மறுபடி கண்ணுக்கு இறங்கியது. அதை நிமிர்த்திவிட்டு, குரல் நடுங்காமல் சொன்னான்: "இந்தக் கலவை வேண்டாம். கொட்டிடுங்க. தண்ணியை நான் அளந்து விடறேன்."

"சரிங்க சார்" என்றார் மேஸ்திரி. ஆறு மாசமாக அவர் சொன்ன சாருக்கும் இந்த சாருக்கும் வித்தியாசம் இருந்தது.

பெரியவர் காக்காயிடமிருந்து விடைபெற்று என் பக்கம் வந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்த மாதிரி தெரிந்தது. பொடியாகவும் இருக்கலாம். "எல்லாருக்கும் டீ சொல்லு கணக்கு. இன்னிக்கு எத்தனை ஆனாலும் கேக்க மாட்டேன்" என்றார். சனிக்கிழமை கேட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

க்யூபெக்கில் மெக்லூருக்குக் கிடைக்காதது அந்தக் காக்காய்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அளக்க அவருக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தச் சொல்லத்தான் யாரும் பழக்கவில்லை.

பெரியவர் இப்போது ரிட்டயராகி சொந்த ஊரில் இருக்கிறார். தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறார். ஆறு வருஷமாகக் கட்டுகிறார். சுவரில் நூல் பிசகினாலும் இடிக்கச் சொல்லிவிடுகிறாராம். "இவருக்கு வீடு முடியறதுக்குள்ள எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்துடும்" என்று போனில் அலுத்துக்கொள்கிறார், அங்கேயும் போய் மாட்டிக்கொண்ட எங்கள் பழைய மேஸ்திரியின் மகன்.

போன மாதம் ஜூனியரைப் பார்க்கப் போயிருந்தேன். ஜூனியர் என்று சொல்லக் கூடாது. இப்போது அவன் பிராஜக்ட் மேனேஜர். முன்வழுக்கை, ஹெல்மெட் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்றாவது மாடியில் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. காலேஜ் முடித்த ஒரு சின்னப் பெண், புது இன்ஜினீயர், கூம்பு டப்பாவைத் தூக்கினாள். கலவை சரிந்தது. அந்தப் பெண் திரும்பி இவனைப் பார்த்தாள்.

பக்கத்தில் மரம் எதுவும் இல்லை. எதிர்ப் பக்கம் ஒரு செல்போன் டவர்தான் இருந்தது. அதில் காக்காயும் இல்லை. இருந்தாலும் என் நண்பன் அண்ணாந்து அந்த டவரையே அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் பார்த்தேன். பின்னால், "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கணீரென்று கேட்டது. முதல் தடவையே!

"மச்சி, இன்னிக்குப் புதுப் படம் ரிலீஸ், தெரியும்ல?" என்றேன்.

"கான்கிரீட் முடியட்டும்டா" என்றான். "நைட் ஷோ போலாம்."